ஆமெனைத் தள்ளிப்போட்டவள்

அந்தக் குடியிருப்பில் அவளுக்கு ஜெபம்மா என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு, அது வேலை செய்யும் இடத்து வருகைப் பதிவேட்டோடு சரி. படுக்கப் போகுமுன் எல்லாரும்தான் ஜெபம் செய்கிறார்கள். கொட்டாவிக்கு நடுவே இரண்டு நிமிடம், மிஞ்சிப்போனால் ஐந்து நிமிடம். இவள் ஒன்றரை மணி நேரம் செய்வாள். சபைப் போதகரே ஒருமுறை, "இவ்வளவு நேரம் எனக்கே வராதும்மா" என்று சொல்லிச் சிரித்தார். பக்கத்து வீட்டுத் தையற்காரர், "அந்தம்மா நமக்கும் சேர்த்துப் பண்ணிடறாங்க, நாம தூங்கலாம்" என்று மனைவியிடம் சொல்லிவிட்டு விளக்கை அணைப்பார். பக்தி என்றால் இதுதான் பக்தி என்று ஊரே மெச்சியது. அது எதற்கான ஜெபம் என்று தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒன்று அவள், இன்னொன்று அவளை அடிக்கிற அவள் புருஷன். இரண்டே பேர் என்றுதான் அவளும் வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

அவளுக்கு வேலை ஒரு பெரிய மருத்துவமனையின் சலவைப் பிரிவில். விடிவதற்குமுன் ஷிப்ட் தொடங்கிவிடும், அதனால் ராத்திரி எட்டு மணிக்கெல்லாம் படுத்தாக வேண்டும். வார்டுகளிலிருந்து அழுக்குத் துணி வண்டி வண்டியாக வந்து இறங்கும். ஒவ்வொரு விரிப்பின் மூலையிலும் வார்டு எண்ணும் கட்டில் எண்ணும் கறுப்பு மையில் குத்தியிருக்கும். ரத்தக் கறை பட்ட துணியை முதலில் பச்சைத் தண்ணீரில் ஊறப்போட வேண்டும். வெந்நீர் பட்டால் கறை துணியோடு துணியாகிவிடும். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுக்கவே ஒரு வாரம் ஆகும். அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. கல்யாணமான முதல் மாதமே தன் தலையணை உறையில் கற்றுக்கொண்டிருந்தாள்.

புருஷனுக்கு லேத் பட்டறையில் கடைசல் வேலை. வெளியில் பார்த்தால் பரம சாது. யாரைப் பார்த்தாலும் வணக்கம் சொல்வான், படிக்கட்டில் எதிரே வருகிறவர்களுக்கு வழிவிட்டு நிற்பான். வீட்டுக்குள் வந்தால் வேறு ஆள். அடிப்பதற்குமுன் கைக்கடிகாரத்தைக் கழற்றி அலமாரி மேல் வைப்பான், அதற்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது பாருங்கள். முதல் வருடம் கன்னம் கிழிந்தது. இரண்டாம் வருடம் தோள்பட்டைக்கு மேலே எலும்பு விரிசல் விட்டது. கர்ப்பமாக இருந்தபோது வயிற்றை மட்டும் தொடாமல் மற்ற இடமெல்லாம் அடித்தான், அதைப் பெருந்தன்மையாகச் சொல்லியும் காட்டினான். அவள் அம்மா வீட்டில் போய் அழுதபோது, "கொஞ்சம் பொறுத்துப் போம்மா, ஆம்பளைங்க அப்படித்தான்" என்று காபி கொடுத்துத் திருப்பி அனுப்பினார்கள். அன்றோடு அந்த வீட்டுக்குப் போவதை அவள் நிறுத்திவிட்டாள்.

குழந்தைக்கு ஒரு வயதிருக்கும். ஒருநாள் ராத்திரி தொட்டிலருகே முழங்காலில் நின்று அவள் ஜெபம் செய்துகொண்டிருந்தாள். பின்னால் கடிகாரத்தின் கொக்கி கழலும் சத்தம் கேட்டது. முதுகைக் குறுக்கிக்கொண்டாள். ஆனால் அடி விழவில்லை. அவன் வாசற்படியில் நின்று, பேருந்துக்குக் காத்திருக்கிறவன் மாதிரி காத்துக்கொண்டிருந்தான். அவள் ஆமென் என்று சொன்னாள். உடனே பிடரியில் விழுந்தது.

ஏன் காத்தான் என்பது அவன் அக்காள் சொல்லித்தான் அவளுக்குத் தெரிந்தது. பத்தொன்பது வயதில், முழங்காலில் நின்று ஜெபம் பண்ணிக்கொண்டிருந்த அந்த அக்காளை ஏதோ கோபத்தில் எட்டி உதைத்திருக்கிறான். அதே வாரம் பட்டறையில் லேத் அவன் வலது கையில் இரண்டு விரல்களைப் பாதியோடு எடுத்துக்கொண்டது. இரண்டுக்கும் சம்பந்தம் இருப்பதாக யாரும் சொல்லவில்லை, அவனாகவே முடிச்சுப் போட்டுக்கொண்டான். அவனுக்குக் கடவுள் பக்தி கிடையாது. மிச்சமிருக்கிற விரல்களைப் பற்றிய பயம் மட்டும் நிறைய இருந்தது.

அதிலிருந்து அவள் ஆமெனைத் தள்ளிப்போட ஆரம்பித்தாள். அவன் குடித்துவிட்டு வருகிறவன், ஒன்பதரைக்கு மேல் கண் தாங்காது. அதுவரை இழுத்தால் தப்பித்தாள். ஆனால் ஒன்றரை மணி நேரத்துக்கு ஆண்டவரிடம் என்ன பேசுவது? குழந்தைக்காகக் கேட்டு முடிக்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. நாட்டுக்காகவும் மழைக்காகவும் கேட்டது மூன்று நிமிடம். முதல் வாரம் சரக்கு தீர்ந்துபோய் நடுவில் ஆமென் சொல்லி மூன்று முறை மாட்டிக்கொண்டாள். அதன்பிறகு பகலில் ஊரார் கஷ்டங்களைச் சேகரிக்கத் தொடங்கினாள். பாய்லர்காரரிடம் அவர் மகள் பரீட்சையைப் பற்றி விசாரிப்பாள். மேற்பார்வையாளரிடம் அவருடைய வயிற்றுப் புண்ணைப் பற்றிக் கேட்பாள். தையற்காரரின் கண் ஆபரேஷன், மேல்மாடிக்காரர் வீட்டு வாடகைத் தகராறு, யாரோ ஒருவருடைய மாமியாரின் முழங்கால் என்று ஒன்றையும் விடமாட்டாள். போதாததற்குத் துணிகள் இருந்தன. ஆறாம் வார்டு பதினேழாம் கட்டிலின் விரிப்பு தினமும் ரத்தத்தோடு வந்தால், முகம் தெரியாத அந்த அண்ணனுக்காகப் பத்து நிமிடம் தாராளமாகக் கேட்கலாம்.

இதில் வேடிக்கை என்னவென்றால், ஜனங்கள் அவளைப் பரிசுத்தவதி ஆக்கிவிட்டார்கள். வழியில் மறித்து, "எங்க வீட்டுக்காரருக்காகக் கொஞ்சம் சொல்லுங்கம்மா" என்று கேட்பார்கள். உதடு வீங்கியிருக்கிற பெண்ணிடம் தங்கள் முதுகுவலிக்கு ஜெபிக்கச் சொன்ன புண்ணியவான்கள் அவர்கள். உதட்டில் என்ன என்று ஒருவரும் கேட்கவில்லை.

இது ஜெபமா ஏமாற்றா என்று அவளுக்கே உறுத்தல் இருந்தது. ஒருநாள் நேராகவே கேட்டுவிட்டாள்: "ஆண்டவரே, இது தப்புன்னா மன்னிச்சிடுங்க. ஆனா நிறுத்த மாட்டேன்." அதற்குப் பதில் வந்ததா என்றால், ஒருவிதத்தில் வந்தது. முதல் அரைமணி நேரம் காது முழுக்கப் பின்னால்தான் இருக்கும். அவன் நாற்காலி கிரீச்சிடுகிறதா, குறட்டை வருகிறதா என்றே கவனிப்பாள். முக்கால் மணி தாண்டியதும் எங்கோ அது மாறிவிடும். பதினேழாம் கட்டில்காரருக்காகக் கேட்கும்போது நிஜமாகவே கண்ணீர் வரும். பின்னால் ஒரு மனிதன் இருப்பதே மறந்துபோகும். யாரோ தோளிலிருந்து சுமையை இறக்கிவைத்த மாதிரி உடம்பு லேசாகும். நாள் முழுவதிலும் அவள் பயமில்லாமல் இருந்தது அந்த நேரத்தில் மட்டும்தான். அது பொய்யில்லை, அதை அவள் எங்கே வேண்டுமானாலும் சத்தியம் செய்து சொல்வாள்.

கீழ் வீட்டில் பேருந்துக் கண்டக்டர் ஒருத்தி தனியாகக் குடியிருந்தாள். ஜெபம், கோயில், சபை எதிலும் ஒட்டாதவள், வாயும் காரம். ஒருநாள் தண்ணீர்க் குழாயடியில் ஜெபம்மாவை நிறுத்தினாள்.

"உன் ஜெபத்த தினம் கேக்கறேன்."

"உங்களுக்காகவும் சொல்லணுமாக்கா?"

"எனக்கு ஒண்ணும் வேணாம். மத்தவங்களுக்கு ஆமென் வரைக்கும்தான் கேக்குது. எனக்கு அதுக்கப்புறமும் கேக்குது. என் தலைக்கு மேலதான விழறே."

ஜெபம்மா குடத்தையே பார்த்துக்கொண்டு, "ஜெபம் பண்ணும்போது தொட மாட்டாருக்கா" என்றாள்.

"சரி. எத்தனை வருஷத்துக்குப் பண்ணுவ?" என்று கேட்டாள் கண்டக்டர். "எப்ப வேணா கீழ வா. யோசிக்காத" என்று சொல்லிவிட்டுத் தன் குடத்தைத் தூக்கிக்கொண்டு போனாள்.

மகளுக்கு எட்டு வயது நடந்தபோது அது நடந்தது. அன்று பட்டறையில் அவன் மேஸ்திரியோடு கைகலந்து, வேலையைவிட்டு அனுப்பப்பட்டிருந்தான். குடிக்காமல் வந்தான். அவன் குடிக்காத நாள்தான் மோசமான நாள், தூக்கம் கிட்டவே வராது. ஜெபம்மா கட்டிலோரம் மகளோடு முழங்காலில் நின்று தொடங்கிவிட்டிருந்தாள். அவன் வந்து பக்கத்திலேயே முழங்காலில் நின்றான். குறைவிரல் கையையும் சேர்த்துக் கூப்பிக்கொண்டான்.

ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, ஆண்டவர் கேட்டுவிட்டார் என்று நினைத்தாள். அந்தச் சந்தோஷத்தை நினைத்து அவள் இன்றைக்கும் வெட்கப்படுகிறாள்.

அவள் அடுத்த வரிக்கு மூச்சு இழுத்த இடத்தில் அவன் புகுந்தான். "இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம் பிதாவே, ஆமென்" என்று தெளிவாகச் சொன்னான். பிறகு, "முடிச்சு வெச்சுட்டேன்" என்றான். எழுந்து கடிகாரத்தைக் கழற்றினான்.

முடியைப் பிடித்துக் கட்டிலின் இரும்புச் சட்டத்தில் மோதினான். அவள் வாய்க்குள் ஏதோ உடைந்து நாக்கில் உருண்டது. "ஊருக்கெல்லாம் கேப்ப, உன் புருஷன் வேலைக்குக் கேக்க மாட்டியா?" என்று கேட்டுக் கேட்டு உதைத்தான். விலாவில் இரண்டு, இடுப்பில் ஒன்று, தடுத்த கையில் ஒன்று. இத்தனை வருடங்களாக அவள் ஜெபத்தால் மிச்சம் பிடித்ததையெல்லாம் அன்றைக்கே கொடுத்துத் தீர்ப்பவன் போல அடித்தான். அவள் கத்தவில்லை. கத்தினால் மகள் பயப்படுவாள் என்று பல்லைக் கடிக்கப் பார்த்தாள், பல் இல்லை.

அப்போது கட்டிலுக்கு அடியிலிருந்து குரல் வந்தது.

"ஆண்டவரே, ஆறாம் வார்டு பதினேழாம் கட்டில் அண்ணன நினைச்சுக்கோங்க. இன்னைக்கும் அவங்களுக்குக் கட்டு மாத்தியிருக்காங்க..."

அவன் தூக்கிய கால் அப்படியே நின்றது. மகள் கண்ணை இறுக மூடிக்கொண்டு, முழங்காலில் குறுகி, கை கூப்பியிருந்தாள். தாய் விட்ட இடத்திலிருந்து ஒரு வார்த்தை பிசகாமல் சொல்லிக்கொண்டு போனாள். தாய் பெருமூச்சு விடும் இடத்தில் அவளும் விட்டாள்.

"ஏய், முடி. ஆமென் சொல்லு" என்றான். அவள் தையற்காரர் கண்ணுக்குப் போனாள். "சொல்லுன்னு சொல்றேன்ல" என்றான். அவள் பாய்லர்காரர் மகளுக்குப் போனாள்.

அடி நின்றதே என்று ஜெபம்மாவுக்கு நிம்மதி வரவில்லை. அடி விழும்போதுகூட வராத பயம் அப்போது வந்தது. எட்டு வயசு. இவள் எப்போது கற்றுக்கொண்டாள்? நாளைக்கு எந்த வீட்டில், எவன் காலடியில் முழங்கால்போட்டு இந்தப் பட்டியலைச் சொல்லிக்கொண்டிருப்பாள்? அவள் சட்டத்தைப் பிடித்து எழுந்தாள். கட்டிலுக்கடியில் கைவிட்டு மகளை வெளியே இழுத்தாள்.

"எந்திரி கண்ணு. நிறுத்தாத. சொல்லிக்கிட்டே வா."

இருவரும் செருப்பில்லாமல் வெளியே வந்தார்கள். மகள் சொல்லிக்கொண்டே நடந்தாள். அவன் ஓரடி பின்னால் வந்தான். "எங்கடி போறீங்க, உள்ள வாங்க" என்று பல்லுக்குள் உறுமினான். அவன் கை இரண்டு முறை நீண்டு, இரண்டு முறையும் தானாகவே மடங்கியது. தையற்காரர் கதவைத் திறந்தார். தன் கண்ணுக்காக ஒரு குழந்தை ஜெபித்துக்கொண்டு போவதையும், அதன் தாயின் வாயிலிருந்து ரத்தம் சட்டையில் சொட்டுவதையும் பார்த்துவிட்டு, என்ன செய்வதென்று தெரியாமல் மனைவியைக் கூப்பிட்டார்.

கீழே போகப் பதினெட்டுப் படி. ஏழாவது படியில் பட்டியல் தீர்ந்துவிட்டது. மகள் குரல் தடுமாறியது. ஜெபம்மா எடுத்துக்கொடுக்கப் பார்த்தாள். வாய் வீங்கிப்போய் அவளுக்குப் பேச்சே எழவில்லை.

"ஆண்டவரே..." என்றாள் மகள். "இந்தப் படிக்கட்டு பல்ப் எரியணும். அப்புறம்... டீச்சருக்கு இருமல் நிக்கணும். அப்புறம்..." ஒரு படி. "அப்பாவோட விரல் வெட்டுப்பட்டப்ப ரொம்ப வலிச்சிருக்கும். அதுக்காகவும்..."

பின்னால் காலடிச் சத்தம் நின்றது. இத்தனை வருட ஜெபத்தில் அவன் பெயரை மட்டும் ஜெபம்மா சேர்த்ததில்லை. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. மீதிப் படிகளை மகளை இழுத்துக்கொண்டு இறங்கி, கீழ் வீட்டுக் கதவில் உள்ளங்கையால் அறைந்தாள். கண்டக்டர் ஒரு கேள்வியும் கேட்காமல் இருவரையும் உள்ளே தள்ளித் தாழ்ப்பாள் போட்டாள்.

அவன் தன்னிலைக்குத் திரும்ப அரை நிமிடம்கூட ஆகவில்லை. முதல் உதையில் கதவு நிலையோடு அதிர்ந்தது. கண்டக்டர் கதவில் முதுகைக் கொடுத்து நின்றபடி, போலீசுக்குப் போன் செய்து, பேருந்தில் நிறுத்தம் அறிவிக்கிற குரலில் முகவரியைச் சொன்னாள். மேலே கதவுகள் திறந்தன, ஆட்கள் இறங்கி வரும் சத்தம் கேட்டது. தையற்காரர், "யோவ், விடுய்யா" என்று படியிலிருந்தே சொன்னார். இன்னொரு உதை விழுந்தது. தாழ்ப்பாள் தாங்கியது.

மகள் இன்னும் கை கூப்பியபடியே இருந்தாள். அம்மாவின் காதருகே வந்து கேட்டாள்.

"அம்மா, இப்ப முடிச்சிடவா?"

ஜெபம்மா தலையாட்டினாள்.

"ஆமென்" என்றாள் மகள். சொன்ன உடனே தரையில் குனிந்து, முழங்காலுக்கு நடுவே தலையை வைத்து, இரண்டு கைகளாலும் பிடரியை மூடிக்கொண்டு அசையாமல் இருந்தாள். அவளை அவன் ஒருநாளும் அடித்ததில்லை. இது பயத்தில் செய்ததும் இல்லை. கண்ணை மூடுவது, கை கூப்புவது போல இதுவும் ஜெபத்தில் ஒரு பகுதி என்று அந்தக் குழந்தை நினைத்திருந்தது.

ஜெபம்மா அவள் கைகளை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தாள். வீங்கிய வாயால் ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள்.

"இது ஜெபத்துல கிடையாதும்மா. ஆமென் சொன்னா முடிஞ்சுது. அப்புறம் படுத்துத் தூங்கணும், அவ்வளவுதான்."