பூஜை அலமாரியில் நடந்த விசாரணை

போன வாரம் எங்கள் கோர்ட்டில் காணொலி அறை ஒன்றைப் புதிதாகத் திறந்தார்கள். ஏசி, சுவர் அகலத்துக்கு டிவி, சாட்சிக்கு மெத்தை நாற்காலி. கதவில் ஓர் அறிவிப்பு, லேமினேஷன் சூடுகூட ஆறவில்லை: சாட்சி உட்கார்ந்தபடிதான் பேச வேண்டும். படித்ததும் எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பக்கத்தில் நின்ற டைப்பிஸ்ட் அம்மா, வக்கீலுக்கு என்னமோ ஆகிவிட்டது என்று ஒதுங்கிப் போனார். உட்கார மாட்டேன் என்று அடம்பிடித்த கோமதியை அவருக்கு எங்கே தெரியும்?

அந்த லேமினேஷன் வாசனை இருக்கிறதே, அப்படியே ஸ்கேனர் சூட்டில் காகிதம் வேகும் வாசனை. நான் ஜூனியராகச் சேர்ந்த புதிதில்தான் வழக்குத் தாள்களை ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் ஏற்றும் முறை வந்தது. என் சீனியருக்கு மவுஸைத் தொடவே கூச்சம். கம்ப்யூட்டர் தெரிந்தவன் என்று அந்த வேலையை என் தலையில் கட்டிவிட்டார். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குத் தெரிந்ததெல்லாம் சினிமா டிக்கெட் புக் பண்ணுவது. அப்படி நான் ஏற்றிய முதல் வழக்கு கோமதியுடையது.

கோமதிக்கு ஸ்ரீரங்கம், சித்திரை வீதிக்குப் பின்னால் ஒரு மாடிப் போர்ஷன். கணவர் சண்முகத்துக்கு லாரி புக்கிங் ஆபீசில் வேலை. குடி கிடையாது, அடி கிடையாது. பேச்சும் கிடையாது. நாத்தனார் வீட்டுக் கிரகப்பிரவேசத்தில் பத்துப் பேர் முன்னால், உங்களுக்கு ஒன்றும் தெரியாது, சும்மா இருங்கள் என்று கோமதி சொல்லிவிட்டாராம். மனிதர் சும்மா இருந்துவிட்டார், ஆறு வருஷம். சொல்ல வேண்டியதைத் தினசரிக் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டுவார். சாம்பாரில் உப்பு இல்லை. கேஸ் புக் செய்யவும். அவசரம் என்றால் கீழ் வீட்டு மாமிக்குப் போன் போட்டு, தண்ணீர் வந்துவிட்டது, மேலே எங்கள் வீட்டில் சொல்லிவிடுங்கள் என்பார். சிரிக்காதீர்கள், அடுத்த அறையில் இருந்துகொண்டுதான். ஒரு பை நிறையக் காலண்டர் தாள்களோடு கோமதி எங்களிடம் வந்தார். “பைத்தியம் புடிச்சிரும் சார். பிரிச்சு விட்டாப் போதும்” என்றார்.

அந்தத் தாள்களை ஸ்கேன் செய்தவன் அடியேன். பின்பக்கத்தை அல்ல, முன்பக்கத்தை. எதிர்த்தரப்பு வக்கீல் அதைத் திறந்து, கணவர் செய்த கொடுமைக்கு ஆதாரம் இதோ என்று ராகு காலம், எமகண்டம், மிதுன ராசிக்கு நிம்மதி எல்லாவற்றையும் கோர்ட்டில் வாசித்துக் காட்டினார். சீனியர் என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை. அத்தனையையும் திருப்பிப் போட்டு மறுபடி ஏற்றினேன்.

சாட்சி விசாரணைக்குத் தேதி வந்தபோது கொரோனா வந்துவிட்டது. கோர்ட்டுக்குப் பூட்டு. வீட்டிலிருந்தே காணொலியில் சாட்சி சொல்லலாம் என்றார்கள். விவாகரத்து கேட்கிறவரும் கொடுக்க மாட்டேன் என்கிறவரும் ஊரடங்கில் ஒரே வீட்டில் அடைபட்டு, ஆளுக்கொரு போனில் கோர்ட்டுக்கு வர வேண்டிய கூத்து அது. கோமதி கூடத்தில், சண்முகம் வெளியே மாடிப்படியில். நான் தென்னூரில் என் வீட்டில், கழுத்தில் வெள்ளைப் பட்டை, இடுப்பில் கைலி. சீனியர், நீயே பார்த்துக்கொள் என்று கழன்றுகொண்டார்.

நீதிபதி திரையில் வந்ததும் கோமதி எழுந்து கைகூப்பினார். எங்களுக்குத் தெரிந்தது புடவைக் கொசுவம் மட்டும். உட்காருங்கள் என்று நீதிபதியே சொல்லிப் பார்த்தார். “கோர்ட்டுல எப்படிங்க உக்கார்றது?” கடைசியில், நின்ற உயரத்துக்குத் தோதாகப் போனைப் பூஜை அலமாரியில் பெருமாளுக்கும் தாயாருக்கும் நடுவில் சாய்த்துவைத்தார். விளக்கு வெளிச்சத்தில் முகம் நன்றாகவே தெரிந்தது. ஆனால் சாய்த்துவைத்ததில் விரல் எங்கோ பட்டு மைக் அணைந்துவிட்டது.

கோமதி பேச ஆரம்பித்தார். விரல்விட்டு எண்ணினார், அழுதார், முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி பேசினார். எங்களுக்கு ஒரு சத்தமும் இல்லை. கேட்கவில்லை அம்மா என்றார் நீதிபதி. கோமதி வாயை இன்னும் பெரிதாகத் திறந்தார். நான் மைக், மைக் என்று கத்தினேன். அவருக்கு அது எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. அன்று சாட்சி பதிவாகாவிட்டால் அடுத்த தேதி எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. அந்த வீட்டில், அந்த மனிதரோடு, இன்னும் எத்தனை மாதம் இருப்பார் அவர்?

அப்போது மாடிப்படியிலிருந்த போன் பேசியது.

“கோமதி, கீழ மைக் படம் இருக்கு பாரு. அதைத் தொடு.”

பெருமாளுக்கும் தாயாருக்கும் நடுவிலிருந்து புருஷன் குரல் வந்ததும் கோமதி அப்படியே நின்றுவிட்டார். பிறகு கையை நீட்டித் தொட்டார்.

எதிர்த்தரப்பு வக்கீல் விடுவாரா? பேசவில்லை என்பதுதானே வழக்கு, கோர்ட் முன்னிலையிலேயே பேசிவிட்டார், தள்ளுபடி செய்யுங்கள் என்று குதித்தார். உங்களிடம் இவர் பேசினாரா என்று நீதிபதி கோமதியைக் கேட்டார்.

“பேசினாருங்க ஐயா. நான் சொல்றது உங்களுக்குக் கேக்கணும்னு பேசினாரு. தனக்குக் கேக்கணும்னு இல்லீங்க.”

சண்முகம் தலையைக் குனிந்துகொண்டார். அப்புறம் அவர் எதையும் மறுக்கவில்லை. நான் தயாரித்துவைத்திருந்த மூன்று பக்க வாதத்துக்கும் வேலை இல்லாமல் போனது. சில மாதங்களில் விவாகரத்து கிடைத்தது.

கோமதி திருவெறும்பூர் பக்கம் தையல் கடை வைத்தார். ரேஷன் கார்டில் பெயர் மாற்றத் தீர்ப்பு நகல் வேண்டும் என்று ஒருநாள் வந்தார். முன்பெல்லாம் நகலுக்கு மனுப் போட்டு நடையாய் நடக்க வேண்டும். இப்போது உட்கார்ந்த இடத்தில் எடுத்துவிடலாம். தீர்ப்போடு அவருடைய சாட்சியத்தையும் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். வரிவரியாக விரல் வைத்துப் படித்தார். ஓரிடத்தில் விரல் நின்றது. ‘சிறிது நேரம் ஒலித் தடங்கல். பின்னர் சரிசெய்யப்பட்டது.’

“என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாரே சார். அது எங்க?”

அன்றைய காணொலியை யாரும் சேமித்துவைக்கவில்லை. தாள்களை வாங்கி முதல் பக்கத்திலிருந்து தேடுவதுபோலப் புரட்டினேன். கோமதியும் குனிந்து என்னோடு சேர்ந்து தேடினார்.