வாஞ்சூர் சாவடியில் நின்ற வெள்ளாடு

காலை ஆறரை மணிக்கு, இன்னும் பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் இருக்கும் காரைக்காலில் வண்டி கட்டினோம். நாகூரில் என் கணவருக்கு வேலை, அங்கே குடிபோகிறோம். எட்டு மாதக் குழந்தை மடியில், வெள்ளாடு வண்டியின் பின்னால். பசும்பால் குழந்தைக்கு ஒத்துக்கொள்ளவில்லை. இந்த ஆட்டின் பாலைத்தான் குடிக்கிறான்.

வீட்டை விட்டுப் போகும் ஆட்டுக்குக் காலில் மஞ்சள் பூசுவது எங்கள் தெரு வழக்கம். படித்தவள் செய்கிற காரியமா என்று யோசித்தேன். பூசாமல் வந்து ஏதாவது ஆகிவிட்டால்? குளம்பு மறைய அப்பினேன்.

"ஆட்டுக்குக் கல்யாணமாம்மா? சொல்லவே இல்லியே!" என்றார் வண்டிக்காரர் பொன்னுசாமி.

அரசலாற்றைத் தாண்டி, திருமலைராயன்பட்டினம் வழியாக ஏழெட்டு மைல். வாஞ்சூர் சோதனைச் சாவடியை அடைந்தபோது வெயில் ஏறிவிட்டது. அதற்கப்பால் இந்திய எல்லை. நாகூர் தர்கா மினாராக்கள் அங்கிருந்தே தெரிந்தன. பிரெஞ்சு எல்லையைக் கடக்கும் கால்நடையை மாட்டு டாக்டர் பார்த்தாக வேண்டும். அவர் ஆட்டின் வாயைத் திறந்து பார்த்தார், காலைத் தூக்கினார், நிறுத்தினார்.

"மஞ்சள் எதுக்கும்மா? கோமாரிப் புண்ணுக்குத்தானே இப்படிப் போடுவாங்க?"

"புண் இல்லீங்க. புறப்படுறப்ப பூசுறது."

"எல்லாரும் அதான் சொல்றாங்க. சுத்துப்பட்டுல கோமாரி இருக்கு. கழுவினாலும் தோல் மஞ்சளாத்தான் இருக்கும், சின்னக் கொப்புளம் தெரியாது. நெறம் போறவரைக்கும் கொட்டடியில கட்டுங்க."

"குழந்தைக்குப் பால்?"

"காய்ச்சிக் குடுங்க. ஆனா ஆடும் பாலும் தாண்டக் கூடாது."

"புள்ள மட்டும் தாண்டலாம், பசியோட" என்று முணுமுணுத்தார் பொன்னுசாமி.

குழந்தை அழுதான். சாவடியோரம் டீக்கடை வைத்திருந்த ஆமினா அக்கா அடுப்பில் இடம் ஒதுக்கினார். "கறந்துட்டு வாங்க. அழுவுற புள்ளைய வச்சிக்கிட்டு என்ன ரோசனை?" நோயுள்ள ஆடாக இருந்தால் என்ற பயத்தில் இரண்டு முறை பொங்கவிட்டேன். குடித்துவிட்டுத் தூங்கிப்போனான்.

பாத்திர மூட்டைகளை வண்டியோடு நாகூருக்கு அனுப்பினேன். "ஐயாகிட்ட என்னம்மா சொல்ல?" என்றார் பொன்னுசாமி. ஆட்டுக்கு ஒன்றுமில்லை என்று சொல்லச் சொன்னேன். எனக்கே அது நிச்சயமில்லை.

ஊரை விட்டுக் கிளம்பியவள், ஊர் எல்லையில் ஆமினா அக்கா வீட்டு விருந்தாளியாகக் கிடக்கிறேன். எல்லைக்கு அங்கும் இங்கும் ஒரே வயல், ஒரே உப்புக் காற்று. தினமும் காலையில் தேங்காய் நாரால் குளம்பைத் தேய்க்கிறேன். இன்று மஞ்சள் கொஞ்சம் வெளுத்திருக்கிறது. அல்லது எனக்குத்தான் அப்படித் தெரிகிறதோ?