வெள்ளிக்கிழமைக் குடும்பம்

வெள்ளிக்கிழமை எங்கள் புதுப்பட்டினத்தில் மீன் போணியாகாது. டவுன்ஷிப் அம்மாக்கள் தலைக்குக் குளித்துக் கோயிலுக்குப் போவார்கள், என் கூடைப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். குவைத்தில் ஏ.சி. மெக்கானிக்காக இருந்த என் புருஷனுக்கும் வெள்ளிக்கிழமைதான் லீவு. அதனால் வாரத்தில் அந்த ஒரு சாயங்காலம் நாங்கள் குடும்பமாக இருந்தோம். குடும்பம் என்றால் நான், பள்ளிக்கூடம் போகிற என் மகள், டிவிக்குள் மூன்று பொம்மைகள், செல்போன் ஸ்பீக்கரில் அவர் குரல்.

அந்த கேம் பெட்டியை ஒரு லீவில் அவர்தான் வாங்கிவந்தார். அங்கே தன் ரூமிலும் அதே மாதிரி ஒன்று வைத்திருந்தார். "வாராவாரம் போன்ல 'சாப்ட்டியா, சாப்ட்டியா'ன்னு எத்தினி வாட்டி கேக்கறது? சேர்ந்து எதனா ஆடலாம்மே" என்றார். எனக்கு வந்த சிரிப்பு! வாரம் பூராவும் வஞ்சிரம் வெட்டுகிற கைக்கு விளையாட்டு ஒரு கேடா என்றேன். மகள் என்னை விடவில்லை. ரிமோட்டைத் தொடுவதற்கு முன்னால் சோப்புப் போட்டு முழங்கைவரை கழுவ வைத்து, மோந்து பார்த்துவிட்டுத்தான் கையில் கொடுப்பாள்.

ஆட்டம் இதுதான். மூன்று பொம்மைகளையும் ஒரே கயிற்றில் கட்டியிருக்கும். பள்ளம், முள், சுற்றுகிற சக்கரம் எல்லாவற்றையும் தாண்டிக் கொடிவரை போக வேண்டும். ஒரு பொம்மை விழுந்தால் மற்ற இரண்டையும் இழுத்துக்கொண்டுதான் விழும். தனியாக ஆட முடியாது. குறைந்தது இரண்டு பேர் சேர்ந்தால்தான் தொடங்கவே தொடங்கும்.

முதலில் நாங்கள் விழுந்தது கொஞ்சநஞ்சமில்லை. "யம்மா, ஏன் மரம் மாதிரி நிக்கிற? குதிமா!" என்று மகள் கத்துவாள். அவள் கத்தி முடிப்பதற்குள் மூவரும் பள்ளத்தில் கிடப்போம். அவர் மீனவர் வீட்டுப் பிள்ளை அல்லவா, ஒரு வழி கண்டுபிடித்தார். படகு தள்ளுகிற மாதிரி அவர் "ஏலேலோ" என்பார், நாங்கள் இருவரும் "ஐலசா" என்போம், அந்த "சா"வில் மூன்று பேரும் பட்டனை அழுத்துவோம். கரையில் படகை இழுக்க டிராக்டர் வந்துவிட்டது, ஐலசா எங்கள் ஹாலுக்கு வந்து சேர்ந்தது. பக்கத்து வீட்டுக்காரி ஜன்னலில் எட்டிப் பார்த்து, "இன்னாமே, வூட்டுக்குள்ள படகு தள்ளிகினு கீறியா?" என்று கேட்டாள். ஆனால் தாண்டினோம். ஒவ்வொரு பள்ளமாகத் தாண்டினோம்.

"கடசி லெவலு வர சொல்ல நான் அங்க இருப்பேன் பாப்பா. உன் பக்கத்துல குந்திகினு ஆடுவேன்" என்று அவர் சொல்லிவைத்திருந்தார். ஒரேயடியாக ஊருக்கு வந்துவிடுவதாகவும், பஜாரில் ஏ.சி. சர்வீஸ் கடை போடுவதாகவும் பேச்சு. மகள் நம்பினாள். அவளைச் சொல்வானேன், நானும்தான் நம்பினேன்.

அப்புறம் ஒரு வெள்ளிக்கிழமை, நாங்கள் பார்த்தே இராத புது லெவல் ஒன்று திறந்தது. திரையில் இன்னும் ஒன்றும் வரவில்லை, அதற்குள் அவர், "குதிக்காத, மேல ஒரு கதவு கீது, எடது பக்கம் கொக்கிய இயு" என்றார். சொன்னபடியே கதவு வந்தது, கொக்கியும் வந்தது. மகள், "சூப்பரு நைனா!" என்று குதித்தாள். செவுளைத் தூக்கிப் பார்த்தே என்றைக்குப் பிடித்த மீன் என்று சொல்கிறவள் நான். இந்த லெவலை இவர் ஏற்கெனவே யாரோடோ ஆடியிருக்கிறார் என்று எனக்கு அப்போதே பட்டது.

அதற்கடுத்து ஒரு பள்ளம். அவர் "ஏலேலோ" என்றார், நாங்கள் "ஐலசா" என்று குதித்தோம். அவர் பொம்மை நின்ற இடத்திலேயே நின்றது. போனில் அவர் வாய்க்குள்ளேயே இந்தியில் "ஏக், தோ, தீன்" என்று எண்ணுவது கேட்டது. அப்புறம்தான் குதித்தார். மூவரும் விழுந்தோம். ஒரு தடவை என்றால் கை தவறியது என்பேன். திரும்பவும் அதே ஏக், தோ, தீன். திரும்பவும் விழுந்தோம்.

"பயக்கம் மாறிப்போச்சுமே" என்று அவர் சிரித்தார்.

"யாரு கூட ஆடி மாறிச்சு?" என்றேன்.

"ரூம்ல கீற ஆளு ஒருத்தன்."

"அவன் பேரு இன்னா?"

பேர் வரவில்லை. மகள், "வுடுமா, நீ ஆடு" என்றாள். விட்டேன்.

மறுநாள் மார்க்கெட்டில் எனக்குக் கை ஓடவில்லை. தராசை அப்படியே போட்டுவிட்டுப் பஸ் ஸ்டாண்டு ஓரமாகப் போய் நின்று அவருக்குப் போன் போட்டேன். "அந்த ரூம்மேட்ட கூப்புடு, நான் பேசணும்" என்றேன். "உங்கிட்ட சொல்லணும்னுதான் இருந்தேன்" என்றார். சொல்லணும்னு இருந்தாராம், மகராசன்! அங்கே ஆஸ்பத்திரியில் வேலை செய்கிற வடநாட்டுப் பெண்ணாம். புருஷன் செத்துவிட்டானாம். நம் மகள் வயதில் ஒரு பெண் இருக்கிறாளாம். "பாவம், அந்தப் பொண்ணுக்கு அப்பன் இல்லமே" என்று என்னிடமே சொன்னார்.

"உன் பொண்ணுக்கு மட்டும் அப்பன் கீறானா?" என்று கேட்டேன்.

ஊருக்கு வருவாயா, மாட்டாயா என்றேன். வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை, வருவேன் என்றும் சொல்லவில்லை. நீ நல்லா இருப்பியா, உருப்படுவியா என்று வாயில் வந்ததையெல்லாம் கொட்டினேன். வழியில் போனவர்கள் யாரோ கடன்காரனோடு சண்டை என்று நினைத்திருப்பார்கள்.

வீட்டுக்கு வந்தேன். மகள் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். "வெள்ளிக்கெயம அந்தப் பள்ளத்த தாண்டிடலாம்மா" என்றாள். இவளுக்கு அப்பன் என்று இருப்பதே அந்த ஒரு சாயங்காலம்தான், அதையும் நான் ஏன் பிடுங்க வேண்டும்? எனக்கு வந்த வயிற்றெரிச்சல் என்னோடு போகட்டும் என்று வாயை மூடிக்கொண்டேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை சோப்புப் போட்டுக் கையைக் கழுவிக்கொண்டு உட்கார்ந்தேன். "இன்னாமே, சாப்ட்டியா?" என்றார், ஒன்றுமே நடக்காதது போல. "ஆச்சு" என்றேன். எந்த மனுஷனை நாசமாய்ப் போ என்று சபித்தேனோ அந்த மனுஷனோடு சேர்ந்து "ஐலசா" போட்டேன். இதைவிடக் கேவலம் ஒரு பொம்பளைக்கு உண்டா? வாராவாரம் போட்டேன். மகளுக்காகச் சிரித்தேன்கூட. பக்கத்து வீட்டுக்காரி, "குடுத்து வெச்சவமே நீ. கடல் தாண்டி கீற ஆளு வூட்டோட எப்டி ஒட்டிகினு கீது பாரு" என்றாள். அவள் வாயில் மண்ணை அள்ளிப் போடலாம் போலிருந்தது.

கடைசி லெவலும் வந்தது. அவர் மட்டும் வரவில்லை. கொடிக்குப் பக்கத்தில் போய்ப் போய் விழுந்துகொண்டே இருந்தோம். என் விரல்தான் லாயக்கில்லை என்று ஒவ்வொரு வாரமும் என்னையே திட்டிக்கொண்டேன்.

பொங்கல் நெருங்கியது. நைனா எப்போது வரும் என்று மகள் கேட்கவே இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. இனிமேலும் மறைத்தால் ஊர் வாயால் கேட்டுவிடுவாள் என்று, ஒரு மத்தியானம் சோறு போட்டுக்கொண்டே சொன்னேன். "நைனா இப்போதிக்கு வராதுடி. பொங்கலுக்கும் வராது."

"தெரியும்மா" என்றாள். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

"இன்னா தெரியும் உனுக்கு?"

"அந்த ஆன்ட்டி. அவங்க பொண்ணு. சனிக்கெயம காலீல நீ மார்க்கெட்டுக்குப் போயிருக்க சொல்ல, நைனா வேலைக்குப் போறதுக்கு முன்னாடி நாங்க ஆடுவோம். நைனா, அவ, நானு. அவ நல்லா ஆடுவாம்மா."

எனக்குத் தலையில் கல்லைப் போட்டது போல ஆயிற்று. இவளுக்குத் தெரியக்கூடாது என்றுதானே நான் வாராவாரம் செத்தேன். "ஏன்டி எங்கிட்ட சொல்லல?" என்று கத்திவிட்டேன்.

"சொன்னா நீ ஆட வரமாட்ட. நீயும் நைனாவும் வெள்ளிக்கெயம மட்டுந்தான் பேசிக்கிறீங்க."

என்ன கேட்பது என்று தெரியாமல், "அப்போ அந்தக் கடசி லெவலு?" என்றேன்.

"அது அவகூட ஆடி எப்பவோ முடிச்சிட்டோம்மா. வெள்ளிக்கெயம நாந்தான் வேணும்னே வுயுறேன்" என்றாள். "முடிஞ்சிட்டா, அப்பறம் நைனா எதுக்கு நமக்கு போன் பண்ணும்?"