அத்தையின் வானவில் கீபோர்டு

எங்கள் அத்தைக்கு ரோஷம் ஜாஸ்தி. யாராவது தன்னைப் பார்த்துச் சிரித்துவிட்டால் நாலு நாளைக்குச் சோறு இறங்காது. அப்பேர்ப்பட்டவர் கேம் விளையாடுகிற கீபோர்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்ததற்குக் காரணம் மாமாவின் தூக்கம்.

மாமாவுக்கு இரவு வேலை, வீடோ ஒற்றை அறை. பகலில் திரையை இழுத்துவிட்டு அவர் கும்பகர்ணனாகிவிட்டால் அத்தைக்கு இருட்டில்தான் எல்லாக் காரியமும். ஆஸ்பத்திரி ரிசப்ஷனுக்கு ஆள் எடுக்கிறார்கள், டைப்பிங் டெஸ்ட் உண்டு என்று கேள்விப்பட்டதும், "விளக்கு எரியற கீபோர்டு ஒண்ணு வாங்கிக் குடுடா" என்றார். கல்யாணத்துக்கு முன் டைப்ரைட்டிங் படித்தவர். இத்தனை வருஷம் கழித்து ஒரு வேலைக்கு ஆசைப்பட்டார்.

கடையில் இருந்ததிலேயே மலிவானதை எடுத்தேன். மலிவுதான், ஆனால் ஆர்ப்பாட்டத்துக்குக் குறைச்சல் இல்லை. இடது பக்கம் சிவப்பு, நடுவில் பச்சை, வலது பக்கம் நீலம். வெளிச்சத்தைக் கூட்டலாம் குறைக்கலாம், நிறத்தை மாற்ற முடியாது. பார்க்கத்தான் முரட்டு ஆள், பட்டன்களுக்கு அடியில் வெறும் ரப்பர். அதுவும் நல்லதுதான், மாமாவின் குறட்டையைவிடச் சத்தம் கம்மி. பல பட்டன்களை ஒன்றாக அழுத்தினாலும் எதுவும் விட்டுப்போகாது என்பதை அட்டைப்பெட்டியில் 'ஆன்ட்டி கோஸ்டிங்' என்று பெருமையாகப் போட்டிருந்தார்கள். மாமா கண்ணைக் கசக்கிக்கொண்டு அதைப் படித்தார்.

"பேய் கிட்ட வராதாமே? அப்ப நீ எப்படி உட்கார்ந்து அடிக்கிற?"

"தூங்குங்க பேசாம."

டெஸ்ட்டுக்குச் சொந்தக் கீபோர்டு கொண்டுவரலாம் என்றார்கள். கை பழகிவிட்டதால் அத்தை அதையே தூக்கிக்கொண்டு போனார். மாட்டியதும் மேஜையே ஜொலித்தது. "ஆன்ட்டி கேம் ஆட வந்துட்டாங்க" என்று பக்கத்துச் சீட்டுப் பெண் களுக்கென்று சிரித்தாள். அத்தைக்கு முகம் சிவந்துவிட்டது. விளக்கை அணைக்கிற பதற்றத்தில் எஃப்என் பட்டனோடு டபிள்யூவைச் சேர்த்து அழுத்திவிட்டார்.

அந்த இரண்டையும் சேர்த்து அழுத்தினால் டபிள்யூ, ஏ, எஸ், டி நான்கும் அம்புக்குறிப் பட்டன்களோடு இடம் மாறிக்கொள்ளும். கேம் ஆடுகிறவர்களுக்கு வசதி. அத்தைக்கோ தலையில் இடி. 'ஏ' அடித்தால் எழுத்து வரவில்லை, கர்சர் நகர்ந்தது. அதைத் திருப்பிக் கொண்டுவர அம்புக்குறியைத் தட்டினால் 'டி' வந்து விழுந்தது. இங்கிலீஷில் இந்த நாலு எழுத்தும் இல்லாத வாக்கியத்துக்கு எங்கே போவது? அந்த நாலில் ஒன்று வரும்போதெல்லாம் வலது கையை அம்புக்குறிக்கு ஓட்டி, முழுப் பக்கத்தையும் அடித்து முடித்திருக்கிறார். தப்பு ஒன்றுகூட இல்லை. வேகம் மட்டும் போதவில்லை.

பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த அதிகாரி ஆபீஸ் கீபோர்டைக் கொண்டுவந்து மாட்டி இன்னொரு தடவை அடிக்கச் சொன்னார். வேலை கிடைத்துவிட்டது. வீட்டுக்கு வந்து அத்தை இதையெல்லாம் சொன்னபோது நான் கேட்டேன்:

"மறுபடியும் அதே ரெண்டு பட்டனை அழுத்தியிருந்தா சரியாயிருக்குமே, அத்தை!"

"அடப்பாவி, இதை வாங்கும்போதே சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா?"

அதிகாரியும் கேட்டாராம், "கீபோர்டு மக்கர் பண்ணுதுன்னு கையத் தூக்கியிருக்கலாமேம்மா?"

அதற்கு அத்தை சொன்ன பதில்: "தூக்கினா இன்னொரு நாள் வாங்கன்னு அனுப்பிடுவீங்க சார். இன்னொரு நாள் வர்றதுக்கு எனக்குத் தைரியம் வராது."