இல்லாத நாட்டின் கடவுச்சீட்டுகள்

அகதி விண்ணப்பம் கொடுத்துவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்த வருடங்களில், பிரான்சில் லா ஷப்பல் பகுதியில் ஒரு மதாம் வீட்டில் துப்புரவு வேலை செய்தேன். எண்பதை நெருங்கியவர். அவருடைய தகப்பன் மொண்டெனேகுரோ அரசரின் செயலாளர். முதலாம் உலகப்போரில் அரசர் பிரான்சுக்கு ஓட, இவர்களும் பின்னால் வந்தார்கள். போர் முடிந்ததும் அந்த நாட்டைப் பக்கத்து நாட்டோடு சேர்த்துவிட்டார்கள். அந்த அரச குடும்பத்தின் வரலாற்றைத்தான் மதாம் எழுதிக்கொண்டிருந்தார்.

ஒருநாள் மத்தியானம், பழைய தாள்களைப் பிரதியெடுத்து வரும்படி ஒரு கோப்பைத் தந்தார். மெற்றோ வாசலில் பொலிஸ் மறித்தது. என்னுடைய தற்காலிக அனுமதித் துண்டில் பிழையில்லை. பிறகு கோப்பைத் திறந்தார்கள். இரட்டைத் தலைக் கழுகு முத்திரையுடன் மூன்று கடவுச்சீட்டுகள்.

"எந்த நாடு இது?"

"இப்போது அந்த நாடு இல்லை."

இரண்டு பொலிஸ்காரரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். 'நானே வாயைக் குடுத்திட்டன்' என்று நினைத்தேன்.

பொலிஸ் நிலையத்துக்குக் கொண்டுபோய் ஒரு மர வாங்கில் இருத்தினார்கள். கள்ளப் பாஸ்போட் வழக்கென்றால் விண்ணப்பம் அவ்வளவுதான். திருப்பி அனுப்பினால் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்கும்போதே பிடிப்பார்கள். மதாமின் தொலைபேசி எண்ணைக் கொடுத்தேன். மாரிக் குளிர் தொடங்கியதிலிருந்து அவர் நாலு மாடி இறங்கியதேயில்லை.

வந்தார். வீட்டுச் செருப்போடு.

"சுருக்கமாகச் சொல்லுங்கள்," என்றார் அதிகாரி.

"இருநூறு வருட ஆட்சி, சுருக்கமாகத்தான் சொல்கிறேன். முதலில் ஆண்டவர்கள் ஆயர்கள். கல்யாணம் கட்ட முடியாது. அதனால் பட்டம் சகோதரர்களின் பிள்ளைகளுக்குப் போனது. பிறகு ஒருவர் அங்கியைக் கழற்றிவிட்டுக் கல்யாணம் கட்டினார். கடைசியாக வந்தவர் தன்னை அரசர் என்று அறிவித்தார். எட்டே வருடத்தில் எல்லாம் போயிற்று. அந்த மூன்றாவது கடவுச்சீட்டைத் திறவுங்கள். தாயின் மடியில் இருக்கும் பிள்ளை நான்."

அதிகாரி அவருடைய பிரெஞ்சு அடையாள அட்டையை வாங்கி, பிறந்த ஊரை ஒப்பிட்டார். படத்தைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். கோப்பை மேசைக்குக் குறுக்கே தள்ளினார். மன்னிப்பென்று ஒரு சொல் வரவில்லை.

திரும்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார்.

"எனக்குக் குடியுரிமை கிடைக்கப் பதினொரு வருடம்," என்றார். "அதுவரை தெருவில் உரத்துப் பேசியதில்லை."

ஒவ்வொரு மாடியிலும் படியில் அமர்ந்து மூச்சு வாங்கினார். மூன்றாம் மாடியில், "உங்கள் ஊரில் என்ன நடந்தது?" என்று முதல் தடவையாகக் கேட்டார்.

பக்கத்தில் அமர்ந்து சொல்லத் தொடங்கினேன்.