மாமா கத்தப் போறேன்

சாயங்காலம் விளக்குப் போடும் நேரத்தில்தான் என் மகள் நிவேதாவுக்கு வயிறு வலிக்கும். முதலில் பூச்சி மருந்து கொடுத்தேன். பிறகு பள்ளிக்கூட வாசலில் விற்கும் மாங்காயைக் குற்றம் சொன்னேன்.

அவளுக்குப் பதின்மூன்று வயது. அவள் அப்பாவை விட்டு, உத்திரமேரூரில் என் தம்பி சேகர் வீட்டுக்கு வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. அடியெல்லாம் எனக்குத்தான் விழுந்தது. அவள் மேல் ஒரு விரல்கூடப் படவில்லை. அந்த வீட்டைவிட்டு வந்ததும் எல்லாம் முடிந்தது என்றே நினைத்தேன்.

காஞ்சிபுரத்தில் குழந்தைகள் மருத்துவரிடம் போனோம். ஸ்கேன், ரத்தம், சிறுநீர் எல்லாம் சரியாக இருந்தன.

"அப்போ வலிக்குதுன்னு சும்மா சொல்றாளா டாக்டர்?"

"வலி நிஜம்மா. காரணம் வயித்துல இல்ல." அவர் நிவேதா பக்கம் திரும்பினார். "வீட்டுல எப்ப பயமா இருக்கும்?"

"வண்டி வந்து நிக்கும்போது. இப்ப வர்றது மாமா ஆட்டோதான்னு எனக்குத் தெரியும் சார். வயித்துக்குத் தெரியல."

அதற்குப் பெயர் 'ஹைப்பர்விஜிலன்ஸ்' (ஆபத்து நீங்கிய பிறகும் உடல் ஓயாமல் காவல் காப்பது) என்றார். வாரம் ஒருமுறை மனநல ஆலோசகரைப் பார்க்கச் சொன்னார். வீட்டில் எந்தச் சத்தமும் திடீரென்று வர வேண்டாம் என்றார்.

சேகர் பக்கத்து ஊரான பெருநகருக்கு ஷேர் ஆட்டோ ஓட்டுகிறான். ஆள் கூப்பிட்டுக் கூப்பிட்டு, தண்ணீர் கேட்பதுகூட அவனுக்குக் கூவலாகத்தான் வரும். விஷயத்தைச் சொன்னதும் அப்படியே உட்கார்ந்துவிட்டான். "என் தொண்டையாக்கா கொயந்தைய பேஜார் பண்ணிக்கினு கீது?"

மறுநாளிலிருந்து ஆட்டோவைத் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டு நடந்து வந்தான். வாசலில் நின்று, மெல்லிய குரலில், "கண்ணு, மாமா வந்துட்டேன். இப்ப கத்தப் போறேன்" என்பான். பிறகு முழுத் தொண்டையில், "பெருநகர்! பெருநகர்! ஒரு சீட்டு கீது!"

"டேய், வூட்டாண்ட வந்துமா?" என்று எதிர்வீட்டம்மா திட்டுவார். முதலில் நிவேதா சிரிக்கவில்லை. சில நாட்கள் போனபின் சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்தாள்.

வலி உடனே போகவில்லை. குறைந்தது, திரும்பியது, திருவிழா வெடிக்கு மறுபடி சுருண்டு படுத்தாள்.

தட்டு வைக்கும்போது ஓசை வராமலிருக்க, கீழே துணி மடித்துப் போடுவாள். பொறுப்பான பெண் என்று நான் வேலை பார்க்கும் பள்ளியின் ஆசிரியைகளிடம் பெருமையடித்திருக்கிறேன். அதுவும் பயம்தான் என்று ஆலோசகர் சொன்ன பிறகே புரிந்தது. உங்கள் பிள்ளை சத்தமே போடாத பிள்ளையென்றால், மெச்சுவதற்கு முன் கொஞ்சம் பக்கத்தில் உட்காருங்கள்.

போன மாதம் ஒரு சாயங்காலம், அவளுக்கென்று வைத்திருந்த மசால்வடையைச் சேகர் தின்றுவிட்டான். நிவேதா காலித் தட்டை எடுத்துக்கொண்டு அவன் முன்னால் போய் நின்றாள்.

"மாமா, நான் கத்தப் போறேன்."

"கத்து கண்ணு."

"என் வடைய இன்னாத்துக்குத் துன்ன? வெக்கமா இல்ல உனக்கு?"

தட்டைத் தரையில் போட்டாள். அது சுற்றிச் சுற்றி அதிர்ந்து ஓய்ந்தது.

என் தோள்கள் காதுவரை ஏறிவிட்டன. அடுத்து என்ன என்று உடம்பு காத்திருந்தது. சேகர் செருப்பை மாட்டிக்கொண்டு வடை வாங்கக் கிளம்பினான்.

"எனக்கும் ரெண்டு வாங்குடா" என்றேன்.

வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. பல வருடங்களாக எனக்கு இந்த நேரம் ஏதோ ஒன்று நடப்பதற்கு முந்தைய நேரமாகவே இருந்தது. நிவேதா பசிக்கிறது என்றாள். நான் விளக்கைப் போட்டேன். தோள்கள் எப்போது இறங்கின என்று கவனிக்கவில்லை.