புற்றுக்காளான் உறை

தஞ்சாவூரில் ஒரு கல்லூரியின் இயற்கை அருங்காட்சியகத்தில் எட்டு மாதம் தற்காலிக வேலை பார்த்தேன். பாடம் செய்த முதலையையும் இரட்டைத் தலைக் கன்றையும் பார்க்கத்தான் கூட்டம் வரும். என் பொறுப்பு மூலையில் இருந்த அலமாரி. மடித்த காகித உறைகளுக்குள் உலர்ந்த காளான்கள்: சிலது சருகு மாதிரி, சிலது அப்பளம் மாதிரி, ஒன்று அசல் செருப்புத் தோல். எனக்கு அவ்வளவும் புதையல். முதலை பார்க்க வந்தவர்களைக்கூட இழுத்து வைத்து ஓர் உறையாவது பிரித்துக் காட்டாமல் விடமாட்டேன்.

அதற்குள் சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலை கிடைத்துவிட்டது. தாவரவியல் படித்தவளுக்கு அங்கே என்ன வேலை என்று அந்த வருஷங்களில் யாரும் கேட்கவில்லை. கிளம்பப் பத்து நாள் இருக்கும்போது புற்றுக்காளான் உறையைப் பிரித்தேன். பூச்சி தின்றது போக ஒரு சிட்டிகைத் தூள். மேலே பழைய மையில் ‘நீடாமங்கலம் அருகே’. அவ்வளவுதான். எந்த ஊர், எந்தக் கரை, ஒன்றும் இல்லை. எவனோ சரியான சோம்பேறி என்று திட்டினேன். எனக்குப் பிறகு ஆள் போடப் போவதில்லை என்று சொல்லியிருந்தார்கள். போவதற்குள் இந்த ஒன்றையாவது நிரப்பிவிட வேண்டும் என்று பிடிவாதம் வந்துவிட்டது.

எங்கள் கட்டடத்தைப் பெருக்கும் அக்கா நீடாமங்கலம் பக்கத்திலிருந்து ரயிலில் வருபவர். “இடி இடிச்சா முளைக்கும். கொண்டாறேன் பாப்பா” என்றார். நாலாம் நாள் நல்ல இடி. அடுத்த வாரத் தொடக்கத்தில் தூக்குவாளியோடு வந்தார். திறந்தால் வெள்ளை வெளேரென்று, கழுவித் துடைத்து, அடிக்காம்பு அறுத்து அடுக்கியிருந்தது.

“அக்கா, வேர் எங்க?”

“அது மண்ணுல கெடக்கு. ஒருத்தருக்குக் குடுக்கறதை மண்ணும் மட்டையுமாவா குடுப்பாங்க?”

இந்தக் காளானின் காம்பு வேர் மாதிரி நீண்டு கரையான் புற்றுக்குள் இறங்கும். அதுதான் அடையாளமே. அது இல்லாவிட்டால் வெறும் குழம்புச் சாமான்.

“இடத்தைக் காட்டுங்க, நானே தோண்டிக்கறேன்.”

அக்காவின் முகம் மாறிவிட்டது. அந்தப் பக்கம் காளான் முளைக்கும் இடத்தைக் கூடப்பிறந்தவர்களுக்குக்கூடச் சொல்ல மாட்டார்கள்.

“துபாய் போறதுக்கு முந்தின நாள் எங்க வீட்டுக்காரர் எனக்கு மட்டும் காட்டுன இடம். அவர் தம்பிங்களுக்கே தெரியாது. போன்ல பிள்ளைங்களைக் கேக்கறதுக்கு முன்னாடி காளான் வந்துச்சான்னு கேப்பாரு. நீ அதை எழுதி வைப்ப. ஊரே மண்வெட்டியோட வந்து நிக்கும்.”

“இந்த அலமாரியை யாரு அக்கா பாக்கறாங்க?”

“நீதான் போறவங்க வர்றவங்களை எல்லாம் புடிச்சு இழுக்கிறியே!”

தூக்குவாளியை மூடி வைத்துவிட்டு அலமாரிக்குத் திரும்பினேன். மத்தியானம் விளக்குமாற்றைச் சுவரில் சாத்திவிட்டு அவரே வந்தார். “இடத்தை எழுத மாட்டேன்னு சொல்லு. இன்னைக்கே கூட்டிட்டுப் போறேன்.”

இடம் எழுதாத உறை பாதி உறை என்று படித்தவள் நான். சரி என்றேன்.

சாயங்கால ரயிலில் போனோம். என் பையில் காகிதத்தில் சுற்றிய ஒரே ஒரு காளான். சம்பா வயலில் தண்ணீர் நின்றது. வரப்பில் எதிரே வந்த ஒருவர், “யாரு இது, எங்க கெளம்பிட்டீங்க?” என்றார்.

“ஆட்டைக் காணும்ண்ணே” என்றார் அக்கா. அவர் வீட்டில் ஆடே கிடையாது. அந்த ஆள் பாவம், எந்தப் பக்கம் போச்சு என்று கொஞ்ச தூரம் கூடவே தேடினார். சிரிப்பை அடக்குவதற்குள் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அவர் போன பிறகுதான் அக்கா புற்று இருந்த பக்கம் திரும்பினார். களைக்கொத்தியால் பதமாகத் தோண்டினேன். ஒரு முழ வேர், ஒடியாமல் வந்தது. அறுத்த முனையோடு காளானை வைத்துப் பார்த்தேன், பொருந்தியது. அக்கா குழியை மூடி, மேலே சருகு பரப்பி, என் கால்தடத்தையும் அழித்தார்.

கடைசி நாள் புது உறை மடித்தேன். எந்தக் கரை, எந்த மரத்துக்கு எத்தனை அடி, எல்லாம் விரல் நுனியில் நின்றது. ‘நீடாமங்கலம் அருகே’ என்று எழுதி மூடினேன்.

பழைய உறையைத் தூக்கிப் போட மனசு வரவில்லை. பக்கத்திலேயே வைத்தேன். அதை எழுதியவரையும் யாரோ ஆடு தேடக் கூட்டிக்கொண்டு போயிருக்க வேண்டும்.